நாய்க்குப் பதிவான மனிதர்: வளர்ப்புநாய் உரிமம் குறித்து ஓர் ஆராய்ச்சி

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்ப்பவர் ஆண்டுக்கு 50 ரூபாய் கட்டி உரிமம் பெற வேண்டும் என்பதும், 2025இல் அதோடு மைக்ரோசிப்பும் கட்டாயமானது என்பதும், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்பதும் ஊரறிந்த செய்தி. மனிதர் தம் நாயைப் பதிவு செய்கிறார் என்றே இந்த ஏற்பாட்டுக்கு இதுவரை உரை சொல்லி வந்திருக்கிறார்கள். அது பாடபேதம் என்பது நம் துணிபு. ஆவணங்களைப் பதம் பிரித்துப் படித்தால் பதிவாகிறவர் மனிதர், பதிவு செய்துகொள்வது நாய் என்பது விளங்கும். குட்டியை வாங்கி வந்தவர் ஓர் உடைமை சேர்ந்துவிட்ட நினைப்பில் விண்ணப்பத்தைத் திறக்கிறார். நிரப்பி முடிக்கும்போது அவரே உடைமையாகியிருக்கிறார்.

முதற்சான்று விண்ணப்பமே. மனிதரிடம் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கைபேசி எண் என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். நாயிடம் கேட்பதோ ஒரு படமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும்தான். அந்தத் தடுப்பூசிப் புத்தகத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும்: மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்னஞ்சிறு தாள், அதன்மேல் பாதி ஏறிய முத்திரை, பக்கத்தில் மருத்துவரின் கிறுக்கல், அடுத்த ஊசிக்கான தேதி. இவ்வளவு ஒழுங்கான மருத்துவ வரலாறு அந்த வீட்டில் வேறு எவருக்கும் இராது. குடும்பத் தலைவர் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டது எந்த ஆண்டு என்று கேட்டால் அவர் மனைவியைப் பார்ப்பார். 'இனம்' என்ற கட்டத்திலும் தடுமாறுகிறவர் மனிதர்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றால் நெஞ்சு நிமிர்கிறது. தெருவில் எடுத்து வளர்த்ததென்றால் 'கிராஸ்' என்று போடக் கை துறுதுறுக்கிறது. நாய்க்கு இதில் ஒரு சங்கடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்தது எண் சான்று. ஆதார் 12 இலக்கம், நாயின் சிப் 15 இலக்கம். பதவியில் யார் மூத்தவர் என்பதற்கு அரசாங்க வழக்கில் இதைவிடத் தெளிவான குறியீடு கிடையாது. மனிதர் தம் எண்ணை அட்டையில் வைத்திருக்கிறார். கேட்கும் இடத்தில் அது இருக்காது, ஜெராக்ஸ் எடுக்க ஓடுவார். நாயின் எண்ணோ தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில், அரிசிமணி அளவுக் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிறது. அதில் பேட்டரி இல்லை. கருவியை அருகே கொண்டுபோனால் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மௌனமாகிவிடும். இதை ஜிபிஎஸ் என்று நம்பி, நாய் எங்கே சுற்றுகிறது என்று கைபேசியில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தன் போக்குவரத்துக்குக் கணக்குச் சொல்லும் அளவுக்கு நாய் இன்னும் இறங்கி வரவில்லை.

வரலாறும் நம் பக்கமே நிற்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயின் உருவமும் அதில் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்தது என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. படம், பெயர், நடத்தைக் குறிப்பு ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில்! தடுப்பூசி விவரம்தான் விடுபட்டிருக்கிறது. கடிபட்ட கள்வர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது பற்றியும் தகவல் இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்காமலே அந்தப் பதிவு ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாகச் செல்லுபடியாகி வருகிறது. பிரிட்டனில் நாய் உரிமத்துக்கு நெடுங்காலம் ஏழரை ஷில்லிங் கட்டணம். (எண்ணைக் கவனிக்க.) நாணயமுறை மாறியபின் அது முப்பத்தேழரை பென்ஸ் ஆயிற்று, அரைப்பென்னி நாணயம் ஒழிந்ததும் 37 ஆயிற்று, 1987இல் உரிமமே ஒழிந்தது. அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. 2016இல் இங்கிலாந்தில் சிப் கட்டாயமாயிற்று. வளர்ப்பவர் வீடு மாறினால் பதிவேட்டில் முகவரியைத் திருத்தியாக வேண்டும் என்பதும் அச்சட்டத்தில் அடக்கம். காசு வேண்டாம், ஆள் எங்கே என்று தெரிந்தால் போதும் என்ற நிலைக்கு ஓர் அரசு வந்து சேர்ந்த கதை இது.

நாய் கையெழுத்துப் போடவில்லையே, எப்படிப் பதிவுதாரர் ஆகும் என்று மறுப்போர் கேட்கலாம். கையெழுத்துப் போடாதவர் சொத்துரிமை கொண்டாடுவது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. கோயிலில் குடிகொண்ட இறைவன் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். நிலம் அவருடையது, கையெழுத்து மட்டும் தர்மகர்த்தாவுடையது. கடத்தப்பட்ட பத்தூர் நடராசர் சிலைக்காக லண்டன் நீதிமன்றத்தில் இடிந்து கிடந்த கோயிலே ஒரு வழக்காடியாக நின்று வென்றது. சிலை 1991இல் தமிழகம் திரும்பியது. விலங்குகளும் சட்டநபர்களே என்றும், மக்கள் அவற்றுக்குப் பெற்றோர் நிலையில் உள்ள காப்பாளர்கள் என்றும் 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அறிவித்தது. படிவத்தில் 'உரிமையாளர்' என்று மனிதரைத்தானே குறித்திருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. அதை முகமன் என்றே கொள்ள வேண்டும். காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவிலும் கள ஆய்வு செய்யலாம். வாரின் முன்முனையில் இருப்பவர் எங்கே நிற்பது, எந்தக் கம்பத்தை முகர்வது, எப்போது திரும்புவது என்று முடிவு செய்கிறார். பின்முனையில் இருப்பவர் பழைய செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அது எப்போது தேவைப்படும் என்று காத்திருக்கிறார். அபராதம் கட்டுவதும் அவரே என்பதை உடைமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பணம் கட்டி, வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, கேள்வி கேட்டால் பதிலும் சொல்கிறவரை அந்தக் காலத்தில் காரியஸ்தர் என்றார்கள். அவரை யாரும் ஜமீன்தார் என்றதில்லை.

தொலைந்துபோன நாயை வைத்து எழுப்பப்படும் மறுப்புதான் கொஞ்சம் வலுவானது. நாய் காணாமல் போனால் கண்டுபிடிக்கத்தானே சிப், ஆகவே தேடப்படுவது நாய் அல்லவா என்கிறார்கள். நடப்பதைப் பார்ப்போம். எங்கோ ஒரு மருத்துவமனையில், மேசைமேல் நாய் நிதானமாக உட்கார்ந்திருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் கருவியை ஓட்டுகிறார்கள், பீப் என்கிறது, 15 இலக்கம் திரையில் விழுகிறது. எண்ணைப் பதிவேட்டில் தேடினால் ஒரு மனிதரின் பெயர், முகவரி, கைபேசி எண். கூப்பிடுகிறார்கள். அரை மணி நேரத்தில், ஒரு கால் செருப்பு மாறியதுகூடத் தெரியாமல் மூச்சிரைக்க அவர் வந்து சேர்கிறார். நாய் வாலை இரண்டு முறை ஆட்டி, ஆள் இவர்தான் என்று உறுதி செய்கிறது.