வெந்நீர் இங்கே கிடைக்குமா?

கே: நீலகிரியில் எங்காவது வெந்நீர் ஊற்று உண்டா? லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமென்று... (வாசகி, சூண்டி)

ப: உண்டு, உங்கள் வீட்டு அடுப்பில்! இந்த மலை தருவது பனி, மழை, அட்டை. இங்கே எரிமலையும் கிடையாது. ஆழத்தில் சூடான நீர் ஆறுவதற்குள் மேலேறி வர வழியும் இல்லை. பக்கத்தில் என்றால் கர்நாடகத்தின் புத்தூர் அருகே பெந்த்ரு தீர்த்தம். கொதிக்காது, வெதுவெதுக்கும்.

கே: இமாசலத்தின் மணிகரண் ஊற்றில் சோறு வேகுமாமே, முட்டை வேகுமா? (வாசகர், ஆரூட்டுப்பாறை)

ப: வேகும். ஆனால் அங்கே சமைப்பது சீக்கியக் குருத்வாராவின் லங்கர், சைவ அன்னதானம். முட்டையை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கே: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஊற்றுக்குச் சாயம் போடுகிறார்களா? படத்தில் வானவில் மாதிரி இருக்கிறதே! (கல்லூரி மாணவி, கூடலூர்)

ப: சாயக்காரர்கள் நுண்ணுயிர்கள். நடுவில் சூடு அதிகம், வண்ணம் தரும் நுண்ணுயிர்கள் பிழைக்காது. அங்கே தண்ணீர் நீலம். விளிம்புக்கு வர வர, சூட்டுக்குத் தக்கபடி மஞ்சள், ஆரஞ்சு, செங்காவி. 1960களில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் அங்கே கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவின் நொதிதான் பிசிஆர் பரிசோதனைக்கு அடித்தளம். கொரோனாவில் மூக்குக்குள் குச்சி விட்டார்களே, அந்தச் சோதனைதான்.

கே: அதில் காசு போட்டு வேண்டிக்கொள்ளலாமா? (அதே மாணவி)

ப: வேண்டாம் தாயே! ‘மார்னிங் குளோரி’ என்ற நீல ஊற்றில் ஊர்ப்பட்ட பேர் காசும் குப்பையும் போட்டு, நீர்வழி அடைத்து, சூடு தணிந்து, நிறமே மாறிப்போனது. மரப்பாதையை விட்டும் இறங்காதீர்கள். அந்த ஊற்றுகளில் வெந்து செத்தவர்கள் 20 பேருக்கு மேல்.

கே: எங்கள் பாட்டி இலங்கையின் கண்டித் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர். ‘கன்னியா வெந்நீர்க் கிணறு’ என்று ஓயாமல் சொல்கிறார். கதையா, நிஜமா? (பேரன், எல்லமலை)

ப: பாட்டி பொய் சொல்வாரா? திருகோணமலை டவுனிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஏழு சிறு கிணறுகள், அடுத்தடுத்து இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இறங்கி நீந்த இடமில்லை. வாளியில் மொண்டு தலையில் ஊற்ற வேண்டியதுதான். தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் வரவழைத்த நீர் என்பது ஐதீகம். அங்குள்ள தமிழர்கள் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு அங்கே போவதும் அதனால்தான். வண்ணமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், சாதாரணத் தண்ணீர் நிறம். ஆனாலும், நம் ஓவேலிக்காரர்களுக்கு யெல்லோஸ்டோனைவிட இதுதான் பொருத்தம் என்பேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே! அப்படியே திருகோணமலைக் கோயிலில் கோணேசரையும் கும்பிட்டு வரலாம். முதலில் பாட்டிக்குப் பாஸ்போர்ட் எடுங்கள்.