கோரம் குறையாத நுரை

மாநிலங்களின் மனக்குறையைக் கேட்பதற்கென்றே டெல்லியில் மாநிலங்களிடைக் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது. சர்க்காரியா கமிஷன் சொன்னதன் பேரில் 1990 மே 28-ல் பிறந்தது. பிரதமர் தலைவர், முதல்வர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். வருடத்துக்கு மூன்று தடவையாவது கூட வேண்டும் என்று அது பிறந்த உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கணக்குப்படி நூறு கூட்டம் தாண்டியிருக்க வேண்டும். 2016 ஜூலை 16-ல் நடந்தது 11-வது. அதற்கு முந்தையது 2006-ல். 2016-க்குப் பின் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் 12-வதைக் காணோம். 'கூட்டுங்கள்' என்று 2022-ல் ஸ்டாலின் எழுதிய கடிதம் பத்திரமாக இருக்கும். எந்தக் கட்சி ஆண்டாலும் தடைபடாமல் நடந்த தேசியப் பணி இந்தக் கூடாமை.

ஓசூர் பக்கம் தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் அப்படியில்லை. இங்கே நுரை ஒழுங்காகக் கூடுகிறது. பெங்களூரில் நல்ல மழை பெய்து, அணையில் மதகைத் திறந்தால் போதும். தட்டகானப்பள்ளி தரைப்பாலத்தை மூடிக்கொண்டு வெள்ளை வெளேரென்று எழும்பி நிற்கும். போலீஸ் தடுப்பு வைக்கும். காற்றடித்தால் நுரை பிய்ந்து பறந்து, பைக்கில் ஷிப்டுக்குப் போகிறவன் முகத்தில் அப்பும். சட்டையில் ஏறிய நாற்றம் கம்பெனி கேட் வரை கூட வரும். இந்தத் தண்ணீர்தான் கோஸுக்கும் தக்காளிக்கும். "வயல்ல எறங்குனா காலெல்லாம் அரிக்குதுங்க சார்" என்று முறையிட்டால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும். அங்கிருந்து ஆள் வந்து பாட்டிலில் மாதிரி எடுத்துப் போவார். தண்ணீருக்காவது வெளியூர் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது.

நுரையின் பூர்வீகம் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள். 2018 ஜனவரியில் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்து, அணைக்க ராணுவ வீரர்கள் வந்தார்கள். ஏரியே எரிகிற ஊரின் மிச்சம் நமக்கு. (நம் ஆட்களும் பெங்களூரைத் திட்டுவதில் காட்டும் வேகத்தை ஓசூர் சாக்கடையில் காட்டினால் தேவலை.)

ஆற்றில் வருவதன் தரம் இது. அளவுக்கும் சண்டை உண்டு. யார்கோலில், இதே ஆற்றில் வந்து சேரும் மார்க்கண்டேய நதிக்குக் குறுக்கே கர்நாடகம் அணை கட்ட, தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 'நடுவர் மன்றம் கேளுங்கள்' என்று 2019 நவம்பரில் கோர்ட் சொன்னது. அந்த மாதமே கேட்டோம். கேட்ட ஒரு வருடத்துக்குள் அமைக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு நதிநீர்த் தகராறுச் சட்டம். வந்தது ஒரு பேச்சுவார்த்தைக் குழு. அது பேசி ஓய்ந்தபின், 2024-ல் இன்னொரு பேச்சுவார்த்தைக் குழு! பேசுவதற்கென்றே இருக்கும் கவுன்சிலைப் பூட்டி வைத்துவிட்டு, பேசக் குழுமேல் குழு.

நிதி ஆயோக்கின் ஆட்சிக் குழு மட்டும் கூடுகிறது. 2024 ஜூலை 27-ல் கூடியபோது ஸ்டாலின் புறக்கணித்தார். போன மம்தா, ஐந்து நிமிடத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று எழுந்து வந்தார். அணைக்கவே இல்லை என்றது மத்திய அரசு. மைக் அணைந்ததா இல்லையா என்பதிலேயே ஒத்துப்போக முடியாதவர்கள்தான் ஆற்றைப் பங்கு போடப் போகிறார்கள்.

ஆகவே ஐயாமார்களே, அந்த 12-வது கூட்டத்தை எங்கள் தரைப்பாலத்தில் வையுங்கள். பந்தல் வேண்டாம், வெள்ளை விரிப்பு தயார். வருகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுவந்துவிடுங்கள். கர்நாடகம் மட்டும் எதையும் தூக்கிவர வேண்டாம். அவர்கள் பங்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.