நாய், பூனை, அரை மதிப்பெண்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில மரபுத்தொடர்களைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், நடுவில் ஒரு கோடு. கோடு சரியாகப் போய்ச் சேர்ந்தால் அரை மதிப்பெண். புரிதலும் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு.

இந்தப் பட்டியலின் ஆயுள்கால உறுப்பினர், நாயும் பூனையுமாகக் கொட்டும் அந்த மழை. லண்டன் மேட்டுக்குடியினரின் தேய்ந்துபோன அரட்டையைக் கிண்டல் செய்யவென்றே 1738-ல் ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு புத்தகம் போட்டார். அதில் அவர் பொறுக்கிச் சேர்த்த சொத்தைகளுள் இதுவும் ஒன்று. அவர் கேலிக்குத் தொகுத்ததை நாம் மனப்பாடத்துக்கு வைத்திருக்கிறோம். கல்லிவரைக் குள்ளர் தேசத்துக்கு அனுப்பிய மனிதருக்கே இப்படியொரு நையாண்டி தோன்றவில்லை.

விளைச்சல் கடிதப் பயிற்சியில் தெரியும். நண்பனுக்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் அவனுடைய தாத்தா 'கிக்ட் த பக்கெட்' ஆகிவிடுவார். பொருள் சரிதான்: இறத்தல். இதையே தமிழ்க் கடிதத்தில் 'உன் தாத்தா மண்டையைப் போட்டதை அறிந்து வருந்தினேன்' என்று எழுதியிருந்தால் தமிழய்யா வீட்டுக்கு ஆள் அனுப்பியிருப்பார். ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரு டிக், ஓரத்தில் 'குட்'. யாரிடம், எப்போது, எந்தத் தொனியில் சொல்வது என்பதற்கெல்லாம் வலப்பக்கத்தில் இடமில்லையே.

இடைவேளையில் அதே பிள்ளை, வீட்டுப்பாடம் முடித்துவிட்டதாக அளக்கும் கூட்டாளியைப் பார்த்து, "யாருகிட்டடா காது குத்துற?" என்கிறான். இது எந்தப் பட்டியலில் இருந்தது என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. கேட்க நேரமேது? அடுத்த பீரியடுக்குள் இன்னும் இருபது தொடர் பாக்கி.