ஃபார்மட் போட்டால் போதுமா?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடப் போகிறேன். ஹார்ட் டிஸ்க்கை குவிக் ஃபார்மட் செய்துவிட்டேன். போதும்தானே?

பதில்: போதாது. குவிக் ஃபார்மட் அழிப்பது எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையை மட்டும்தான். கோப்புகள் உள்ளே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும். எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் செகண்ட்ஹேண்டில் 158 டிஸ்க்குகளை வாங்கிக் குடைந்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓடியவை 129. அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12! சிக்கிய கிரெடிட் கார்டு எண்களோ 5,000-க்கும் மேல்.

சுழலும் தட்டு உள்ள டிஸ்க் என்றால், முழுவதையும் பூஜ்யத்தால் ஒரு தடவை நிரப்பினால் போதும். சிலர் சொல்வதுபோல 35 தடவை எழுத இது இம்போசிஷன் இல்லை. எஸ்.எஸ்.டி. தந்திரக்காரன். மேலே எழுதச் சொன்னால் வேறு இடத்தில் எழுதிவிட்டு, பழையதைப் பதுக்கிக்கொள்ளும். அதற்குத் தயாரித்த நிறுவனம் தரும் ‘செக்யூர் இரேஸ்’தான் மருந்து. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கா? டிரில்லிங் மெஷினால் தட்டைத் துளையுங்கள். லேப்டாப் டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தெறிக்கும். கண்ணுக்கும் கண்ணாடி போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கல்யாண போட்டோக்களை காப்பி எடுத்தாயிற்றா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். அப்புறம் டேட்டாவையும் மீட்க முடியாது, நிம்மதியையும் மீட்க முடியாது.