மல்லாந்து படுக்கும் கலை

ரிஷிகேஷுக்குப் போனால் கங்கையில் மூன்று முழுக்குப் போட்டு, சொம்பில் கொஞ்சம் தீர்த்தம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புவதுதான் குடும்பஸ்தனுக்கு அழகு. என் மகளின் திட்டம் வேறு. 16 கிலோமீட்டர் மேலே போய், சிவபுரியில் ஆற்றில் இறங்கி, ராஃப்டிலேயே ரிஷிகேஷ் வந்து சேர வேண்டுமாம். மேலே கொண்டுபோய் விடுகிற ஜீப் எப்படியும் கீழே இறங்கத்தானே வேண்டும், அதிலேயே வந்துவிடலாமே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

லைஃப் ஜாக்கெட் கொக்கிக்கும் என் தொப்பைக்கும் நடந்த தகராறை, கைடு தம்பி முழங்காலை முட்டுக்கொடுத்துத் தீர்த்துவைத்தார். பிறகு பாடம். துடுப்பின் மேல்நுனிப் பிடியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது; விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும். பக்கத்தில் இருந்தது என் மனைவி. விடுவேனா?

தண்ணீரில் விழுந்தால்? எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொண்டால், பின்னால் வரும் வெள்ளம் ஆளை அப்படியே அமுக்கிவிடும். மல்லாந்து படுத்து, காலை ஆறு போகிற திசைக்கு நீட்டி, கால்விரல் வெளியே தெரிய மிதக்க வேண்டும்.

"இதை இவருக்குச் சொல்லித் தரணுமா? ஞாயித்துக்கிழமை பூரா அதானே" என்றாள் மனைவி.

இங்கே சீறிப் பாய்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. 'ரிட்டர்ன் டு சென்டர்' என்றதும் திரும்பி வந்த செக்குகள் ஞாபகம் வந்தன. 'கோல்ஃப் கோர்ஸ்', 'டபுள் டிரபுள்' எல்லாம் அதற்குப் பிறகு. எனக்கு வாய்த்தது 'ரோலர் கோஸ்டர்'. அலை முன்பக்கத்தைத் தூக்கியது. ராஃப்ட் இறங்கியபோது அதில் நான் இல்லை.

பனி உருகி வந்த தண்ணீர். உடம்பு உறைந்தாலும் பழக்கம் விடுமா? தானாகவே மல்லாந்தேன், காலை நீட்டினேன். வீட்டு ஈசிசேரில்கூட இவ்வளவு ஒழுங்காகப் படுத்ததில்லை. கயிறு வந்து விழுந்தது. ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து என்னை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, "சூப்பர் அங்கிள், ஏக்தம் பர்ஃபெக்ட்!" என்றார் கைடு.

படுத்ததற்காக என்னை ஒருவர் பாராட்டியது இந்தப் பிறவியில் அதுதான் முதல்முறை. கேட்டாயா என்பதுபோல் மனைவியைப் பார்த்தேன்.

"கேட்டேன், கேட்டேன். துடுப்பு எங்கே?"

அது எங்களுக்கு முன்பே ரிஷிகேஷுக்குப் போய்க்கொண்டிருந்தது.