ஆயில் கூலரின் வாய் எத்திசை நோக்கத் தகும் என்னும் விசாரணை

மேற்கே திருமுடியும் கிழக்கே திருவடியுமாகத் தென்னிலங்கையை நோக்கிப் பெருமாள் அறிதுயில் கொள்ளும் திருவரங்கத்துக்கு அண்மையில் வாழ்கிற நமக்கு, ஒரு வஸ்து எத்திசை நோக்கிக் கிடக்கிறது என்பது அற்ப விஷயமன்று. ஆதலால், சொந்தக் கையால் விமானம் கட்டிக்கொள்ளும் மகானுபாவர்கள், அதன் எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலருடைய, எண்ணெய் புகவும் வெளியேறவும் உள்ள இரு வாய்களும் மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா என்பதில் சம்பிரதாய பேதம் கொண்டு வாதிட்டு வருவதைத் துவாக்குடியிலிருந்து நாம் மிகுந்த அனுதாபத்தோடு கவனித்து வருகிறோம்.

இவ்விசாரணையின் பிரயோஜனம் யாதெனில், மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி வீட்டு மொட்டைமாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டி 2017-இல் அதற்குப் பதிவும் பெற்றுவிட்டபடியால், நாளை நம் தெருவிலும் ஒருவர் துணியக்கூடும். சிறு விமானங்களுக்குரிய லைகமிங் எஞ்சினிலோ எண்ணெய்ச் சூடு 118 டிகிரி செல்சியஸைத் தாண்டலாகாது; தாண்டாமல் காப்பது கூலரே. 82-ஐ எட்டாவிடில் எண்ணெயில் கலந்த ஈரமும் அகலாது.

இனிப் பூர்வபட்சம். வாய் மேலிருந்தால் காற்று தானே வெளியேறும், எஞ்சின் நின்றபின்னும் எண்ணெய் வடியாது என்பர் ஊர்த்துவவாதிகள். அவ்வாறாயின் எண்ணெய் மாற்றும்போது பழைய கசடு உள்ளேயே தங்குமே என்று ஆட்சேபித்து, வாயைக் கவிழ்ப்பர் அதோமுகவாதிகள். ஆனால் அவர்கள் கட்சியில் உச்சியில் காற்று சிறைப்பட்டு, கூலரின் மேற்பகுதி உத்தியோகமின்றிச் சம்பளம் வாங்கும். பம்பின் அழுத்தமே காற்றைத் தள்ளிவிடும், திசை பொய் என்பர் மாயாவாதிகள். அது பெரும்பாலும் மெய்யாயினும், ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பி ஆகாயம் ஏறுதல் உசிதமன்று.

இனிச் சித்தாந்தம். 1965-இல் திருவெறும்பூரில் பாய்லர் பிளான்ட் வந்த நாள்தொட்டு, அதற்கு உறுப்புகள் செய்து வாழும் நம் பகுதிப் பட்டறைகளில், உச்சியில் காற்று போக வென்ட், அடியில் வடிகாலாக டிரெயின் என்பது பால பாடம். பாய்லருக்கு அவ்விரண்டும் தனித்தனியே உண்டு. பாவம், கூலருக்கு உள்ளவை இரண்டே வாய்கள். ஆகவே வாய்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைய, கீழ்வாயால் எண்ணெய் புகுந்து, காற்றைத் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு மேல்வாயால் வெளியேறுவதே உத்தமம்; இடமில்லையேல் இரண்டும் மேல்நோக்குவது மத்திமம்; கவிழ்ப்பது அதமம்.

விமானம் கட்டத் துணியும் அன்பர்கள், கூலரை முடுக்குமுன் ஒரு பாய்லர் பிட்டரைக் கலந்துகொள்வார்களாக.