பெரிசாக்கி அண்ணை

ஊர்காவற்றுறையில் எந்தக் குறிச்சிக்குப் போனாலும் ஒரு பெரிசாக்கி அண்ணை இருப்பார். எங்கட ஆளின் வீட்டுக்கு மேலே 2000 லீற்றர் தாங்கி ஒன்று நிற்கிறது. முன்னம் 500 லீற்றர்த் தாங்கிதான். குளிக்கப் போனால் தண்ணீர் நூலாக வருகிறது என்று மாற்றினார். இப்பவும் நூலாகத்தான் வருகிறது, ஏனென்றால் குழாய் அதே அரை அங்குலம். "3000 போட்டிருக்க வேணும் தம்பி" என்பார்.

கோயில் திருவிழாவை நேரலையில் விடுகிற பொறுப்பும் அவரிடம்தான். நிர்வாகசபைக் கூட்டத்தில் 'கிளவுட்' என்ற சொல்லை முதலில் சொன்னவர் அவர். செலவு ரொறன்ரோவில் இருக்கிற தம்பியுடையது. அமேசானின் எம்5 லார்ஜ் என்ற கணினியைச் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்தார்: 2 மூளை, 8 கிகாபைற் நினைவகம், வலைவேகம் "10 கிகாபிற் வரை".

அந்த 'வரை'யை அண்ணை வாசிக்கவில்லை. குறிகட்டுவானில் படகுக்குக் காத்துநின்று, கடல் விட்டால்தான் பயணம் என்று பழகிய மனிசன், இந்தச் சொல்லில் போய் ஏமாறலாமோ? அந்த 10 கிகாபிற் சேமிப்பில் ஓடுகிற ஓட்டம். சும்மா இருக்கையில் சேர்ந்த வரவை வைத்துச் சில நிமிடமோ, மிஞ்சினால் ஒரு மணித்தியாலமோ பாயும். பிறகு நிரந்தர வேகத்துக்கு இறங்கிவிடும். லார்ஜுக்கு அது 0.75 கிகாபிற். ஆளுக்கு 2 மெகாபிற் என்று வைத்தால் 375 பேர். 376ஆவது ஆள் வந்ததும் எல்லாருக்கும் இழுபறி.

தேர் இருப்பை விட்டு வெளிக்கிட்டதும் படம் உறைந்தது. வட்ஸ்அப்பில் ரொறன்ரோ கேட்டது: "அண்ணை, நிக்கிறது தேரோ, படமோ?"

கணினியின் மூளை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க ஆருக்கு நேரம்? "தம்பி, பெரிசாக்கு!" என்றார்.

பெரிசாக்க வேண்டுமென்றால் கணினியை முதலில் நிற்பாட்ட வேண்டும். நிற்பாட்டினார். பார்த்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பேரும் விழுந்தார்கள். நிலையான முகவரி எடுத்து வைக்காதபடியால், திரும்ப எழும்பினபோது முகவரியும் மாறியிருந்தது. லண்டன் பழைய வாசலில் நின்று கும்பிட்டது.

புதிது எக்ஸ்லார்ஜ். காசு இரட்டிப்பு, மூளை இரட்டிப்பு, நினைவகம் இரட்டிப்பு. நிரந்தர வேகம் மட்டும் 1.25. இரட்டிப்புக்கூட இல்லை. ஆனால் விபரத்தில் அதே "10 வரை". லார்ஜ் தொடங்கி 4எக்ஸ்லார்ஜ் மட்டும் நாலு அளவுக்கும் ஒரே வாசகம்தான். அதை வைத்து ஆரும் ஏமாறலாம் என்பதை அண்ணைக்காகச் சொல்லிவிடுகிறேன். அவர் அடுத்த அளவுக்கு மாற மறுபடி நிற்பாட்டினார். அதற்குள் தேர் இருப்புக்கு வந்துவிட்டது.

பின்னேரம் ஆளைக் காரைநகருக்குக் கடல் கடக்கிற மிதவைப் பாதையடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மோட்டார்சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு பாதை தன்பாட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணை, 100 சிசியை வித்துப்போட்டு 250 சிசி வாங்கிக்கொண்டு இதில ஏறினா, அக்கரைக்குக் கெதியாப் போவியளோ?"

நாடியைத் தடவினார். நன்றாக யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"அப்ப பெரிய பாதை ஒண்டு கேட்டு மகஜர் குடுப்பம்."

சும்மா சொல்லக்கூடாது, அது சரியான மறுமொழிதான்! பிடித்துக்கொண்டேன். "அதேதான் அண்ணை. எம்5என் லார்ஜ் எண்டு இருக்கு. மூளையும் நினைவகமும் பழைய அளவுதான். நிரந்தர வேகம் 2.1 கிகாபிற். ஆயிரம் பேருக்குக் காணும். காசும் கொஞ்சம்தான் கூட."

"எழுத்து ஒண்டு கூடினா என்னடாப்பா வரப்போகுது?"

அடுத்தநாள் தீர்த்தத்துக்கு 4எக்ஸ்லார்ஜ் போட்டார். 16 மூளை, 64 கிகாபைற். நிரந்தர வேகம் 5 கிகாபிற். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. லார்ஜைவிட எட்டு மடங்கு காசு. வேகம் ஏழு மடங்குகூட இல்லை. அண்ணை பட்டுச் சால்வையோடு என்னைத் தேடிவந்து, "பாத்தியோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

கொடி இறங்கி மூன்று மாதமாகிறது. அந்த 16 மூளையும் சிங்கப்பூரில் இன்னும் விழித்திருக்கின்றன, ரொறன்ரோத் தம்பியின் கடனட்டையில்.